உயிரணுவும் உப்புநீரும்

நெல் நீரை விரும்பும் பயிர் என்பதை உழவர் மட்டுமன்றிப் பள்ளிச் சிறுவரும் அறிவர். நாற்று நட்ட நாள் தொட்டுக் கதிர் முற்றும் வரை அதன் அடி நீரில் நிற்பதே வழக்கம். அத்தகைய பயிர் விளைந்த வயல்கள், நீர் வந்து நின்ற காரணத்தினாலேயே பாழாயின என்றால் கேட்போர் வியப்படைவர். ஆயினும் தென் அந்தமான் தீவில் நடந்தது இதுவே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் சுமத்ராவின் கரைக்கு அப்பால் தோன்றிய நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலையும் அந்தமான் நிகோபார்த் தீவுகளுக்கு விளைத்த கேடு யாவரும் அறிந்ததே. அலை வந்து திரும்பியதோடு அக்கேடு நிற்கவில்லை. நிலமே தன் மட்டத்தினின்று மாறிற்று. வட அந்தமானின் பகுதிகள் உயர்ந்தன. பெரிய நிகோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. போர்ட் பிளேரைச் சூழ்ந்த தென் அந்தமான் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. (போர்ட் பிளேர் நகரம் 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படுகிறது.) ஒரு மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் கடல் ஏற்றத்தின் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த வயலுக்கு அந்த ஒரு மீட்டரே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாகும்.

நகரின் தெற்கே பத்துபஸ்தி என்னும் ஊர் உள்ளது. ‘பஸ்தி’ என்னும் இந்துஸ்தானிச் சொல் குடியிருப்பைக் குறிக்கும். அதனை அடுத்த கராச்சர்மாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது. இவ்வட்டாரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத சிப்பிகாட் என்னும் தாழ்நிலப் பகுதியில், முன்பு நெல்லும் தென்னையும் பாக்கும் விளைந்த நிலங்களில் கடல்நீர் புகுந்தது. பல இடங்களில் அது திரும்பவே இல்லை. பயிர்கள் மடிந்தன. உழவர் நிலத்தை இழந்தனர். அதே நீரில் சில ஆண்டுகளுக்குள் கண்டல் மரங்கள் தாமாகவே முளைத்துத் தழைக்கத் தொடங்கின.

ஒரே நீர் ஒரு செடியைக் கொன்று மற்றொரு செடியை வாழ வைப்பது ஏன்? வயலைப் பார்த்தும் இதற்கு விடை கிடைக்காது. இலையையும் வேரையும் வெறுங்கண்ணால் ஆராய்ந்தும் கிடைக்காது. இலைக்கும் வேருக்கும் அடிப்படையாய் உள்ள உயிரணுவினுள் சென்று பார்த்தால்தான் கிடைக்கும். உயிருள்ள பொருளுக்கு நேரும் நன்மையும் தீமையும் முதலில் அதன் உயிரணுவுக்கே நேர்கின்றன. இக்கட்டுரை விளக்க முற்படும் கருத்து இதுவே.

அறை என்ற பெயர் வந்த வரலாறு

இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராபர்ட் ஹூக் என்பார் 1665-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தக்கையை மெல்லிய சீவலாக அரிந்து நுண்பெருக்கியில் வைத்து நோக்கியபோது தேன்கூடு போன்ற சிறு அறைகளைக் கண்டதாக எழுதினார். அவற்றுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார். சிற்றறை என்பது அச்சொல்லின் பொருள். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். ஹூக் கண்டவை உயிருள்ள அணுக்கள் அல்ல. உயிர் நீங்கியபின் எஞ்சிய சுவர்களையே அவர் கண்டார். பட்டுப்போய் நிற்கும் தென்னையும் இவ்வாறே. அதன் உயிரணுக்களின் சுவர்கள் நிற்கின்றன, உள்ளே குடியிருந்த உயிர் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஹாலந்தில் துணி வணிகம் செய்துவந்த லேவன்ஹூக் என்பார் தாமே தேய்த்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு ஏரிநீரில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1831-இல் ராபர்ட் பிரௌன் செடிகளின் உயிரணுக்களில் உட்கரு இருப்பதை எடுத்துக் காட்டினார். 1838-இல் ஷ்லைடன் என்னும் ஜெர்மானியத் தாவர அறிஞர் செடிகள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்றார். மறு ஆண்டில் ஷ்வான் என்பார் விலங்குகளும் அவ்வாறே ஆனவை என்று நிறுவினார். உயிரணு எதுவும் வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை, முன்னுள்ள உயிரணுவிலிருந்தே தோன்றும் என்னும் கொள்கையை 1855-இல் விர்ஹோ என்னும் மருத்துவர் வலியுறுத்தினார். உயிரினம் யாவும் உயிரணுக்களால் ஆனவை. உயிர்த்தொழில்களின் அலகு உயிரணுவே. உயிரணு உயிரணுவிலிருந்தே பிறக்கும். இம்மூன்றும் இன்றளவும் உயிரியலின் அடிப்படையாக நிற்கின்றன.

நம் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படாத அளவினவே. கோழி முட்டையின் மஞ்சட்கரு ஒரே உயிரணு என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் அவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

உயிரணுவின் அமைப்பு

செங்கல்லை அடுக்கி வீடு கட்டுவது போல உயிரணுக்களை அடுக்கி உடல் கட்டப்பட்டிருக்கிறது என்று பாடநூல்களில் எழுதுவதுண்டு. இவ்வுவமை ஓரளவே பொருந்தும். செங்கல் உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை, தன்னைப் போன்ற மற்றொரு செங்கல்லைப் பெறுவதுமில்லை. உயிரணுவோ இவை யாவற்றையும் செய்கிறது. ஆதலின் அதனைச் செங்கல் என்பதைவிட, சுவரும் வாயிலும் களஞ்சியமும் அடுப்பும் உடைய ஒரு சிறு வீடு என்பதே பொருத்தமாகும்.

நெல்லின் இலையில் உள்ள ஓர் உயிரணுவை எடுத்துக்கொள்வோம். வெளிப்புறத்தில் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன உறுதியான சுவர் உள்ளது. இச்சுவர் நீரையும் அதில் கரைந்த உப்பையும் தடுப்பதில்லை. சுவரை அடுத்து உட்புறமாக மிக மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வீட்டின் காவற்காரன் இச்சவ்வே. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதை இது தீர்மானிக்கிறது. நீர் இதனூடே எளிதில் செல்லும். நீர் செல்வதற்கென்றே இதில் நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன என்பது 1992-இல் பீட்டர் ஆகர் என்னும் அமெரிக்க விஞ்ஞானியின் ஆய்வால் வெளிப்பட்டது. அதற்காக அவர் 2003-இல் நோபல் பரிசு பெற்றார். உப்பு அத்துணை எளிதில் செல்ல இயலாது.

சவ்வுக்குள் கூழ் போன்ற உயிர்ச்சாறு நிறைந்திருக்கிறது. அதனுள் உட்கரு உள்ளது. பாரம்பரியக் குறிப்புகள் யாவும் பெரும்பாலும் இதில் அடங்கும். சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைக்கும் பசுங்கணிகங்களும், அச்சர்க்கரையை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்களும் சாற்றில் மிதக்கின்றன. முதிர்ந்த செடியணுவின் நடுவே ஒரு பெரிய சாற்றுக்குழி உண்டு. பல உயிரணுக்களில் இது மொத்தக் கொள்ளளவில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேலாக இடம் பிடிக்கும். உப்புகளும் சர்க்கரைகளும் கழிவுகளும் இதில் சேமிக்கப்படுகின்றன.

சாற்றுக்குழி நீரால் நிறைந்து விம்மும்போது உயிர்ச்சாற்றையும் சவ்வையும் சுவரின்மேல் அழுத்துகிறது. சைக்கிள் சக்கரத்தின் உட்குழாய் காற்றால் விம்மி வெளிட்டயரை அழுத்துவதை இதற்கு ஒப்பிடலாம். இவ்வழுத்தம் பல செடிகளில் மோட்டார் வண்டிச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகும். மரக்கட்டை இல்லாத மெல்லிய நெற்பயிர் நிமிர்ந்து நிற்பது பெரிதும் இவ்வழுத்தத்தினால்தான். இளம் உயிரணு நீண்டு வளர்வதும் இதனாலேயே.

நீர் செல்லும் திசை

நீரை மட்டும் எளிதில் விட்டு, கரைந்த பொருளைத் தடுக்கும் சவ்வு ஒன்றின் இருபுறமும் இரண்டு கரைசல்கள் இருப்பின், நீர் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்குச் செல்லும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். ஊறுகாய்க்காக மாங்காய்த் துண்டில் உப்புத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்வதும், உலர்ந்த பயறு நீரில் ஊறிப் பருப்பதும் நம் வீட்டில் நாள்தோறும் காணும் காட்சிகள். இவ்விரண்டிலும் நீர் எத்திசையில் செல்கிறது என்று கேட்டால் மாணவரே விடை கூறுவர்.

மழைநீர் நிற்கும் வயலில் கரைந்த உப்பு மிகக் குறைவு. வேரின் உயிரணுக்களிலோ சர்க்கரையும் உப்புகளும் கரைந்து செறிவாக உள்ளன. ஆதலின் நீர் வயலிலிருந்து வேருக்குள் வருகிறது. வேரிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து இலைக்கும் ஏறுகிறது. கடல்நீர் அவ்வயலில் புகுந்தால் நிலைமை தலைகீழாகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதன் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். நெல்லின் உயிரணுச் சாறு இதற்கு ஈடுகொடுக்க இயலாது. எனவே நீர் வேரினுள் வருவதற்கு மாறாக, வேரிலிருந்து வெளியே ஈர்க்கப்படுகிறது. சாற்றுக்குழி சுருங்குகிறது, சவ்வு சுவரை விட்டு விலகி நடுவே உருண்டு நிற்கிறது, அழுத்தம் அழிந்து பயிர் துவள்கிறது.

முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டே பயிர் தாகத்தால் மடிகிறது என்று கூறின் அது மிகையன்று. தாவர இயலார் இதனை உடலியல் வறட்சி என்பர்.

சற்று நேரத்துக்குள் நல்ல நீர் கிடைக்குமாயின் சுருங்கிய உயிரணு மீண்டும் விம்மி உயிர் பெறும். காலம் கடந்தால் சவ்வு சிதைந்து விடும். அதன்பின் எத்துணை நல்ல நீர் ஊற்றினும் பயனில்லை. களப்பணியாளர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

உப்பின் இரண்டாவது தீங்கு

நீரை ஈர்த்துக்கொள்வது உப்பு செய்யும் முதல் தீங்கு. அது மணிக்கணக்கில் நிகழ்வது. இரண்டாவது தீங்கு நாட்கணக்கில் நிகழ்கிறது. கடலுப்பிலுள்ள சோடியம் சிறிது சிறிதாக உயிரணுவினுள் புகுந்து சேர்கிறது. உயிரணுவின் நொதிகள் பல பொட்டாசியத்தின் துணையால் வேலை செய்பவை. சோடியம் உருவிலும் மின்னேற்றத்திலும் பொட்டாசியத்தை ஒத்திருப்பதால் அதன் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. ஆனால் அதன் வேலையைச் செய்வதில்லை. புரதம் ஆக்கும் தொழில் தளர்கிறது. முதலில் முதிர்ந்த இலைகளின் நுனி கருகி, பிறகு கருகல் அடிநோக்கிப் பரவுகிறது.

மண்சாற்றின் உப்பளவை அதன் மின்கடத்து திறனால் அளப்பது வழக்கம். இவ்வளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைக் கடந்ததும் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். கடல்நீருக்கு இவ்வளவு ஏறத்தாழ 50 ஆகும். நெல்லின் வாழ்விலும் எல்லாப் பருவமும் ஒரு தன்மையவல்ல. விதை முளைக்கும்போது அது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட இளநாற்றுப் பருவத்திலும், பூக்கும் பருவத்திலும் மிக எளிதில் கேடுறும். இளநாற்றில் சோடியத்தை ஒதுக்கி வைக்க இடம் குறைவு. பூவிலோ மகரந்தத்தின் உயிரணுக்கள் கெட்டுப் பதர் மிகும்.

நம் உடலிலும் இதே விதி

இவ்விதி செடிக்கு மட்டும் உரியதன்று. விலங்கணுவுக்குச் சுவர் இல்லை. சவ்வு மட்டுமே உண்டு. இரத்தத்தின் சிவப்பணுவை வெறும் நீரில் இட்டால் நீர் உட்புகுந்து அது வெடித்துவிடும். கடல்நீரில் இட்டால் சுருங்கிவிடும். ஆகவேதான் மருத்துவமனைகளில் நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர், 100 மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் உப்பு என்னும் அளவில் தயாரிக்கப்படுகிறது. கடலில் தத்தளிப்போர் தாகம் தாங்காது கடல்நீரைக் குடித்தால் தாகம் மிகுந்து மடிவதன் காரணமும் இதுவே. அவ்வளவு செறிவான உப்பை வெளியேற்ற நம் சிறுநீரகத்தால் இயலாது. குடித்த நீரைவிட மிகுதியான நீரை உடல் இழக்கும்.

இவ்வறிவு உயிரைக் காக்கவும் பயன்பட்டிருக்கிறது. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்தே உள்வாங்கும் வாயில்களைக் கொண்டவை. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, பங்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். இறப்பு ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழாகக் குறைந்தது. வயலைக் கெடுத்த அதே உப்பு, அளவறிந்து கொடுக்கப்பட்டபோது மருந்தாயிற்று.

கடலோர மரங்களின் உபாயம்

இனி, கண்டல் மரங்கள் உப்புநீரில் வாழ்வது எவ்வாறு என்று காண்போம். அவற்றின் உயிரணுக்களும் அதே சுவரும் சவ்வும் சாற்றுக்குழியும் உடையவையே. ஆனால் அவை மூன்று உபாயங்களைக் கையாளுகின்றன.

முதலாவது, வாயிலிலேயே தடுப்பது. ரைசோபோரா இனத்தைச் சேர்ந்த சுரபுன்னையின் வேரில், மெழுகு போன்ற பொருள் பூசிய சுவருடைய உயிரணு அடுக்குகள் உள்ளன. நீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு செல்ல வழியில்லை. சவ்வின் ஊடாகவே செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும்போது உப்பின் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, உட்புகுந்ததை வெளியேற்றுவது. அவிசென்னியா இனத்தைச் சேர்ந்த வெண்கண்டலின் இலையில் உப்புச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொரு சுரப்பியும் பத்துப் பன்னிரண்டு உயிரணுக்கள் கூடிய ஒரு சிறு தொழிற்சாலை எனலாம். அடியிலுள்ளவை உப்பைச் சேகரிக்கின்றன. நடுவே காம்பு போன்ற ஓர் உயிரணு, உப்பு பின்னோக்கிக் கசியாதவாறு காக்கிறது. மேலுள்ளவை உப்பை இலையின் புறத்தே தள்ளுகின்றன. வெயில் ஏறியபின் இவ்விலையைப் பார்த்தால் உப்புப் படிகங்கள் மின்னுவதைக் காணலாம். நாவில் வைத்தால் கரிக்கும்.

மூன்றாவது, பூட்டி வைப்பது. மீந்த சோடியத்தை உயிர்ச்சாற்றில் அலைய விடாமல் சாற்றுக்குழிக்குள் அடைத்து விடுகின்றன. அவ்வாறு அடைத்தால் குழியின் செறிவு மிகுந்து, உயிர்ச்சாற்றின் நீரையும் குழி ஈர்த்துக்கொள்ளும் அன்றோ? அதைச் சமன்செய்ய வெண்கண்டல், நொதிகளுக்குத் தீங்கு செய்யாத பீட்டெயின் என்னும் பொருளை உயிர்ச்சாற்றில் ஆக்கி வைக்கிறது. இவ்வேற்பாட்டால் உள்ளிருக்கும் செறிவு கடல்நீருக்கு ஈடாகிறது. நீர் உள்நோக்கி வருகிறது.

இவை யாவற்றுக்கும் ஆற்றல் செலவாகும். உப்பைத் தள்ளவும் பூட்டவும் செலவிட்ட ஆற்றல் வளர்ச்சிக்குக் கிடைக்காது. உப்பைத் தாங்கும் பயிர்கள் பலவும் நல்ல நிலத்து உயர்விளைச்சல் வகைகளைப் போல் விளையாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று வகை நிலங்கள்

உயிரணுவைப் பற்றிய இவ்வறிவைக் கொண்டு தென் அந்தமானின் பாதிக்கப்பட்ட நிலங்களை மூவகையாகப் பிரித்து நோக்கலாம்.

ஆழிப்பேரலையின்போது மட்டும் கடல்நீர் வந்து திரும்பிய நிலங்கள் முதல் வகை. இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, பிறகு வடிகால் வழியே வெளியேற்றினால் உப்பு கழுவப்படும். இவ்வகை நிலங்கள் சில மழைக்காலங்களில் மீண்டும் விளைநிலங்களாயின. இங்குத் தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரமும், தேவையான இடங்களில் ஜிப்சமும் மண்ணின் கட்டமைப்பைச் சீராக்க உதவும். சோடியம் ஏறிய களிமண் நீர் புகாதவாறு இறுகுவதால் இவ்வுதவி வேண்டியதாகிறது.

ஏற்றக் காலத்தில் மட்டும் கடல்நீர் வந்து போகும் நிலங்கள் இரண்டாம் வகை. இவற்றில் மழை கழுவிய உப்பைக் கடல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. கரை கட்டி, நீர் வெளியேற மட்டும் திறக்கும் மதகு அமைத்தாலன்றி நிலம் தேறாது. அகன்ற மேட்டுப்பாத்தியும் ஆழ்ந்த வாய்க்காலும் மாறி மாறி அமைத்து, மேட்டில் காய்கறியும் வாய்க்காலில் நெல்லும் மீனும் வளர்க்கும் முறையைக் கராச்சர்மா ஆராய்ச்சி நிலையத்தார் தீவு உழவர்க்குப் பரிந்துரைத்துள்ளனர். மேட்டின் உப்பு மழையில் இறங்கிவிடுவதால் அங்குள்ள வேர்கள் பிழைக்கின்றன.

எந்நாளும் கடல்நீர் நிற்கும் நிலங்கள் மூன்றாம் வகை. இங்கு நெல்லை எதிர்பார்ப்பது வீண். உவர்நீர் மீன் வளர்ப்பும், கண்டல் காடும் இவற்றுக்கு ஏற்றவை. முன்னாள் உழவரிடம் இதனைக் கூறுவது எளிதன்று. எனினும் காரணத்தை விளக்கிக் கூறுவது, பலனற்ற விதைப்பில் அவர் பொருள் இழப்பதைத் தடுக்கும்.

உவர் நிலத்தில் நெல் பயிரிடும் இடங்களில் கவனிக்க வேண்டியவை சில. இளநாற்றுப் பருவம் மென்மையானது என்று முன்னரே கண்டோம். ஆதலின் நாற்றை நல்ல நீருள்ள இடத்தில் வளர்த்து, வயது சற்று முதிர்ந்தபின், குத்துக்கு ஓரிரண்டு நாற்று கூட்டி நடுவது நன்று. மழை தொடங்கியவுடன் அவசரப்பட்டு நடாமல், முதல் மழைகள் உப்பைக் கழுவும் வரை பொறுக்க வேண்டும். இரசாயன உரமும் உப்பே ஆதலின் அதனை ஒரே தடவையில் மிகுதியாக இடுவது தீங்கு.

ஓர் உயிரணுவிலிருந்து ஒரு பயிர்

உடலின் எந்த உயிரணுவிலும் முழு உயிரினத்தின் பாரம்பரியக் குறிப்பும் அடங்கியிருக்குமாயின், ஒரே உயிரணுவிலிருந்து முழுச் செடியையும் வளர்க்க இயலும் அன்றோ என்று ஹாபர்லாண்ட் என்னும் ஆஸ்திரியத் தாவர அறிஞர் 1902-இல் கருதினார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை. பின்னர் வந்தோர் அதனை மெய்ப்பித்தனர். தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஷ்வரியும் 1964-இல் ஊமத்தை இனச் செடியின் மகரந்தப் பையை வளர்ப்புக் கூழில் இட்டு, மகரந்த அணுக்களிலிருந்தே இளஞ்செடிகளை உண்டாக்கினர். உலகில் இத்துறைக்கு வழிகாட்டிய ஆய்வுகளுள் இஃது ஒன்று.

கராச்சர்மா நிலையம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1978-இல் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றியது. இப்பொழுது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் என வழங்குகிறது. கேரளத்தின் கடலோர உவர்வயல்களில் தொன்றுதொட்டு விளையும் பொக்காளி நெல்லை இந்நிலையத்தார் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். பொக்காளி உப்பைத் தாங்கும். ஆனால் உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. அதன் திசுவை வளர்ப்புக் கூழில் வளர்த்து, உயிரணுக்கள் பெருகும்போது இயல்பாகத் தோன்றும் மாறுதல்களிலிருந்து, உப்பைத் தாங்கும் குணம் குன்றாமல் விளைச்சல் மிகுந்த வழிகளைத் தேர்ந்தெடுத்தனர். பி.டி.எஸ். 24 என்பது அவ்வாறு கிடைத்த வழி. ஆழிப்பேரலைக்கு முன்னரே இவ்வாய்வு நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் இந்நிலையத்தார் உவர் தாங்கும் ‘காரி தான் 5’ என்னும் நெல் வகையையும் வெளியிட்டனர்.

பொக்காளியின் முதலாம் நிறப்புரியில் ‘சால்டால்’ என்னும் ஒரு பகுதி இருப்பதையும், அது சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இடையிலுள்ள விகிதத்தைக் காக்க உதவுகிறது என்பதையும் விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். இப்பகுதியைப் பிற நல்ல வகைகளுக்கு மாற்றும் முயற்சி பல நாடுகளில் நடைபெற்றுள்ளது. எவ்வகையாயினும் கடல்நீரிலேயே நின்று விளையும் நெல் இதுவரை இல்லை. உவர் ஓரளவு குறைந்த நிலத்துக்கே இவை உதவும். உழவரிடம் இதையும் மறைக்காமல் கூற வேண்டும்.

வகுப்பறையில் செய்து காட்டத் தக்கவை

ஆசிரிய அன்பர்கள் இப்பாடத்தைச் சொல்லால் மட்டும் விளக்காமல் செய்து காட்டுவது நலம். வேண்டிய பொருள்கள் எங்கும் கிடைப்பவை.

சிவந்த வெங்காயத்தின் சதைப்பற்றுள்ள இதழ் ஒன்றின் வெளிப்புறத்திலிருந்து ஊதா நிறமுள்ள மெல்லிய தோலை உரித்து எடுக்கவும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்பெருக்கியில் நோக்கினால், செங்கல் அடுக்கியது போன்ற உயிரணுக்களில் நிறம் சுவர் வரை நிறைந்திருப்பது தெரியும். பிறகு 100 மில்லிலிட்டர் நீரில் 5 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, அதில் ஒரு சொட்டைத் தோலின் ஓரத்தில் விட்டு, மறு ஓரத்தில் மைஒற்றுத் தாளை வைத்து நீரை ஈர்க்கவும். சில நிமிடங்களில் நிறமுள்ள பகுதி சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைக் காணலாம். அடுத்து அதே முறையில் நல்ல நீரைச் செலுத்தினால் நிறம் மீண்டும் விரியும். வேறொரு தோலை ஒரு நாள் முழுதும் உப்புநீரில் விட்டு மறுநாள் நல்ல நீரில் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் மீளாது. சவ்வு காக்கப்படும் வரைதான் உயிர் என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

நுண்பெருக்கி இல்லாத பள்ளிகளில் உருளைக்கிழங்கை ஒரே அளவுள்ள 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒன்றை நல்ல நீரிலும் மற்றொன்றை உப்புநீரிலும் இரண்டு மணி நேரம் வைத்து, அளவுகோலால் அளந்து பார்க்கலாம். முன்னது விறைத்துச் சற்றே நீளும். பின்னது தளர்ந்து குறுகும். தாளை மடித்துச் செய்யும் மலிவான ‘ஃபோல்ட்ஸ்கோப்’ என்னும் நுண்பெருக்கி, அமெரிக்காவில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானி மனு பிரகாஷின் குழுவினரால் உருவாக்கப்பட்டது. நம் நாட்டின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் அதைப் பரப்ப உதவியுள்ளது. வெங்காயத் தோலைக் காண அதுவே போதும்.

கண்டல் காட்டை அடுத்த பள்ளிகளில் வெண்கண்டல் இலையைக் கொணர்ந்து, ஒரு பாதியை நீரால் துடைத்துவிட்டு, மறுநாள் உப்பு எங்கே படிந்துள்ளது என்று பார்க்கச் செய்யலாம்.

களப்பணியாளர் வயலில் இலை கருகக் கண்டால், நோய் என்றும் பூச்சி என்றும் உடனே முடிவு செய்து மருந்து தெளிக்கச் சொல்லாமல், கருகல் முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கியதா, அருகே உப்பங்கழி உண்டா, மண்சாற்றின் மின்கடத்து திறன் என்ன என்று முதலில் விசாரிக்க வேண்டும். உப்பினால் தாகமுற்ற உயிரணுவுக்குப் பூச்சிமருந்து எவ்வுதவியும் செய்யாது. நல்ல நீரும், வடிகாலும், காலத்தில் செய்த உதவியுமே அதற்கு மருந்து. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், தஞ்சைக் கடைமடையிலும் குட்டநாட்டிலும் சுந்தரவனத்திலும் பணிபுரிவோர்க்கும் தென் அந்தமான் வயல்கள் கற்பித்த பாடம் பயன்படும்.